சிறு திருத்தங்கள்

லிங்கராஜ் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் செந்தூர்பாண்டி தட்டில் இருந்த மக்ரூன்களை முடித்துவிட்டார். ஜெமிமா ஒன்றைக்கூடத் தொடவில்லை. விசாரிக்கப் போன இடத்தில் கை நனைப்பதில்லை என்பது அவள் கொள்கை. செந்தூர்பாண்டியிடம் கொள்கைகள் கிடையாது. சர்க்கரை வியாதியும் கிடையாது என்று அவராகவே சொல்லிக்கொள்வார்.

கிரேட் காட்டன் ரோட்டில், கப்பல்களுக்குக் கயிறும் பெயின்ட்டும் விற்கிற கடைக்கு மேலே இரண்டாம் மாடி. கதவில் 'பார் லினக்ஸ்' என்று பலகை. லினக்ஸ் என்பது தனி முதலாளி இல்லாத மென்பொருள். உலகம் முழுக்கப் பல குழுக்கள் அதை எடுத்துத் தங்கள் ஆட்களுக்குத் தோதாகக் கட்டிக் கொடுக்கின்றன. தூத்துக்குடிக் குழு கட்டிக் கொடுப்பது எடைமேடைகளுக்கு, உப்பள அலுவலகங்களுக்கு, மீன்பிடிப் படகுகளுக்கு. முத்துக் குளித்த சிப்பிப் பார்களை, அந்தக் கடலடிப் பாறைத் திட்டுகளை, வைத்து இட்ட பெயர். ஒருங்கிணைப்பாளர் லிங்கராஜ்தான். ஐம்பதைத் தாண்டியவர், உடன்குடிக் கருப்பட்டி மண்டிக் குடும்பம். சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டும் எழுதாது.

அவர் சொன்னதன் சாரம் இது.

கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் இருந்துகொண்டு மற்ற எல்லா மென்பொருளையும் மேய்க்கிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். போன வாரம் அந்தக் கெர்னலில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். யூஎஸ்பி துளையில் ஒரு பொல்லாத கருவியைச் சொருகினால், சொருகியவன் கம்ப்யூட்டருக்கே எஜமானன் ஆகிவிடலாம். இப்படி ஓட்டை தெரிந்தால் ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை. எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஒரு ரகசிய மின்னஞ்சல் வட்டம் இருக்கிறது. அதில் மட்டும் சொல்வார்கள். அவரவர் சத்தமில்லாமல் ஓட்டையை அடைத்து வைத்துக்கொண்டு, குறித்த நாளில் எல்லோரும் ஒன்றாக வெளியிடுவார்கள். அதுவரை மூச்சு விடக்கூடாது. குறித்த நாள் வருகிற வெள்ளிக்கிழமை. ஆனால் நேற்று, செவ்வாய்க்கிழமை, உலகத்தின் இன்னொரு மூலையில் இருக்கிற ஒருவன் பொது அரங்கில் அந்த ஓட்டையைப் பற்றி எழுதிவிட்டான். ஆதாரத்துக்கு ஒரு வரியையும் ஒட்டியிருந்தான். அந்த வரியில் இரண்டு தமிழ் வார்த்தைகள் இருந்தன.

அந்த வட்டத்தில் தமிழ் எழுதக்கூடிய குழு ஒன்றுதான். வட்டத்தின் நிர்வாகிகள் லிங்கராஜுக்கு எழுதிவிட்டார்கள்: யார் கையால் கசிந்தது என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் குழு வெளியே. வெளியே போனால், அடுத்த ஓட்டை திருடனுக்குத் தெரிகிற அன்றைக்குத்தான் தூத்துக்குடிக்கும் தெரியும்.

"வட்டத்துல நம்ம ஆள் ஒருத்திதான், இந்துமதி. கெர்னல் பேக்கேஜ் முழுக்க அவ பொறுப்பு. விசயம் தெரிஞ்சது அவளுக்கு மட்டும். பொறவு யாரு சொல்லியிருப்பா?" என்றார் லிங்கராஜ். காலையிலேயே அவளுடைய கையெழுத்துச் சாவியை முடக்கிவிட்டாராம். அந்தச் சாவியால் கையெழுத்து விழாத எதையும் பார் கம்ப்யூட்டர்கள் இணையம் வழியாக ஏற்றுக்கொள்வதில்லை. நிர்வாகிகளுக்குப் பதிலும் அடித்து வைத்திருந்தார்: இந்துமதி நீக்கப்பட்டார். ஜெமிமா விசாரித்து, ஆமாம் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.

"ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்னா சந்தேகப்பட வேற ஆள் கிடைக்கது கஷ்டம்தான் அண்ணாச்சி," என்று செந்தூர்பாண்டி அனுதாபப்பட்டார்.

ஜெமிமா துப்பறியும் தொழிலுக்கு வருமுன் சரக்குச் சேத மதிப்பீட்டாளராக இருந்தவள். நனைந்து வந்த முந்திரி மூட்டை கடலில் நனைந்ததா, சரக்குக் கிட்டங்கியில் நனைந்ததா என்று சொல்வது அவள் வேலை. நனைத்தவனே முதலில் வந்து புகார் கொடுப்பதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். நனைத்தது தெரியாமல் புகார் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறாள். செந்தூர்பாண்டி லாரி புக்கிங் ஆபீஸை மூடிவிட்டு அவளிடம் சேர்ந்தவர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பேச்சுத் துணைக்கு என்று சேர்த்துக்கொண்டாள், பேச்சு அதிகம், துணை குறைவு.

பக்கத்து அறையில் இந்துமதி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த இரண்டு திரைகளும் அவளை யாரென்று தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஏரல்காரி, முப்பது வயது. அழுத மாதிரித் தெரியவில்லை. யாரையாவது அழவைத்துவிட்டுப் போகலாம் என்று இருந்த மாதிரித் தெரிந்தது.

யாரிடமெல்லாம் சொன்னாய் என்று ஜெமிமா கேட்டாள்.

"ஒருத்தர்ட்டயும் சொல்லல மேடம். சொல்லக் கூடாதுங்கதுதான் விதி. லிங்கராஜ் அண்ணாச்சிக்கே நேத்துத்தான் தெரியும். அதுவும் ஊரு உலகத்துக்கெல்லாம் தெரிஞ்ச பொறவு."

அடைப்பை எழுதி முடித்து, கெர்னலைக் கட்டியது இங்கே எல்லோரும் புழங்குகிற பொது இயந்திரத்தில். கெர்னல் கட்டுகிற அளவுக்கு வேறு இயந்திரம் இந்த ஆபீஸில் இல்லை. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்காதபடி வேஷம் போட்டுத்தான் வைத்தாளாம். ஒவ்வொரு கெர்னலோடும் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு குறிப்பு போகும். அந்த இடத்தில் 'சிறு திருத்தங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"எங்க லாரி ஆபீஸ்ல 'வீட்டுச் சாமான்'னு எழுதுவோம்," என்றார் செந்தூர்பாண்டி. "செக்போஸ்ட்டுல யாரும் பிரிக்க மாட்டான்."

இந்துமதி அவரைப் பார்த்த பார்வையில் பாராட்டு இல்லை. மெதுவாகச் சொன்னாள். ரகசியத்தை விற்றவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் உலகத்தில் எந்தக் குழுவும் அவளை வாசற்படி ஏற்றாது. இந்த வேலையில் சம்பளத்தைவிட நம்பிக்கைதான் முதல். இன்னொன்றும் இருந்தது. விஷயம் வெளியே வந்துவிட்டதால் வெள்ளிக்கிழமை என்பதை மாற்றி, இன்றைக்குச் சாயங்காலமே எல்லாக் குழுக்களும் அடைப்பை வெளியிடப்போகின்றன. அவளுடையதும் தயார். கையெழுத்துப் போட வேண்டிய சாவிதான் லிங்கராஜிடம் முடங்கிக் கிடக்கிறது.

ஜெமிமா பொது அரங்கில் வந்த அந்த வரியைத் தன் போனில் எடுத்து நீட்டினாள். ஆங்கில எழுத்தில் 'thappu kanakku' என்று இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு எண். அதற்கு முன்னால், வரியின் தொடக்கத்தில், கட்டத்துக்குள் இன்னொரு பெரிய எண்.

அந்த இரண்டு வார்த்தைகளும் தன்னுடையவைதான் என்று இந்துமதி ஒப்புக்கொண்டாள். யூஎஸ்பி வழியாக வருகிற கருவி தான் அனுப்பும் செய்தியின் நீளத்தைப் பொய்யாகச் சொன்னால், திருத்திய கெர்னல் அதைப் பிடித்து, 'தப்புக் கணக்கு' என்று எழுதிவிட்டு, அந்தப் பொய் நீளத்தையும் எழுதும். தன் சோதனைக்காகப் போட்ட வரி. வெளியிடும்போது எடுத்துவிடுவதாக இருந்தாள்.

"நீ எழுதின நிரல்ல கடைசியில இந்த எண் இருக்குமா?"

"எண் இருக்காது. எண் வரவேண்டிய இடம்னு ஒரு குறிதான் இருக்கும். ஓடும்போதுதான் எண் விழும்."

சொல்லிவிட்டு இந்துமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அவன் கையில கிடைச்சது உன் நிரல் இல்ல," என்றாள் ஜெமிமா. "எங்கயோ ஒரு மெஷின்ல இந்தக் கெர்னல் ஓடியிருக்கு. ஓடினது எழுதின வரி இது."

ஓட வாய்ப்பே இல்லை என்றாள் இந்துமதி. கட்டி வைத்ததோடு சரி. ஆபீஸில் சோதனைக்கென்று அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில்கூட இன்னும் ஏற்றவில்லை.

ஓடிய இயந்திரம் எழுதியது வெளிநாட்டுக்காரன் கண்ணில் எப்படிப் படும் என்று ஜெமிமா கேட்டாள். அதற்கு மட்டும் வழி இருந்தது. படகுக்காரர்கள் உட்கார்ந்து புகார் எழுத மாட்டார்கள் என்பதால், பார் போட்ட ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் கெர்னல் முணுமுணுப்பதைத் தானே தொகுத்து ஒரு புகார்ப் பக்கத்துக்கு அனுப்பிவிடும். அந்தப் பக்கம் பொது. யாரும் பார்க்கலாம். யாருமே ஓட்டாத கெர்னலைப் பற்றி எவன் புகார் சொல்வான் என்று இந்துமதி அங்கே தேடியிருக்கவில்லை. இப்போது தேடலாம் என்றால் அவள் கம்ப்யூட்டர் திறக்காது, போனில் அந்தப் பக்கம் சரியாக விரியாது.

கூடத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு முன்னால் தேசிக் இருந்தான். ஸ்ரீவைகுண்டத்துப் பையன். பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது அவன் வேலை. மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான்.

செந்தூர்பாண்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் தோளில் கை வைத்து, ஒன்றும் கேட்காமல் இருந்தார். இந்த முறைக்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை. லாரி டிரைவர்களிடம் பலித்திருக்கிறது.

தேசிக் உடைந்துவிட்டான். வெள்ளிக்கிழமை லீவு போடாதே என்று இந்துமதி அவனிடம் சொல்லியிருந்தாளாம், காரணம் சொல்லவில்லை. அவனுக்கு நிச்சயமாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை புடவை எடுக்கப் போவதாக இருந்தது. வர முடியாது, ஆபீஸில் ஏதோ பெரிய விஷயம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டான். அவள் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள். அவள் மூலமாகத்தான் உலகத்துக்கே போய்விட்டது என்று நேற்றிலிருந்து அவன் தூங்கவில்லை.

ஜெமிமா அந்தப் பெண்ணைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று தெரிவித்தாள்.

"ஆனா புடவை விசயத்துல உன்னைய யாராலயும் காப்பாத்த முடியாதுடே," என்றார் செந்தூர்பாண்டி.

அவன் கம்ப்யூட்டரிலேயே புகார்ப் பக்கத்தைத் திறந்தார்கள். இந்துமதி தேடினாள். இருந்தது. திங்கட்கிழமை மாலை வந்து விழுந்திருந்தது. ஒரே இயந்திரத்திலிருந்து 'தப்புக் கணக்கு' வரிசை வரிசையாக. கெர்னலின் எந்த மூலையில் புதுக் காவல் போட்டிருக்கிறது என்று அதை வைத்தே விவரம் தெரிந்தவன் ஊகித்துவிடலாம். அனுப்பிய இயந்திரத்தின் பெயர் இல்லை. அந்தரங்கம் கருதிப் பெயரைச் சீவிவிட்டுத்தான் பக்கத்தில் போடுவார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்ததும் இந்துமதிதான். அவள் தன்னைத்தானே ஒரு வார்த்தை திட்டிக்கொண்டாள்.

மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, இயந்திரத்தோடு இணைந்திருந்த கருவிகளின் விவரம். அதில் கடலுக்கடியில் மீன் கூட்டத்தைக் காட்டுகிற கருவி ஒன்று, மலிவு ரகம். நீளத்தைப் பொய் சொன்னது அதுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, மலிவானதால் சொன்னது.

"படகு," என்றாள் ஜெமிமா. "துறைமுகத்துல எத்தனை படகுல பார் இருக்கு?"

நூற்றுக்கு மேலே என்றாள் இந்துமதி, தொய்ந்துபோய்.

இரண்டாவது, வரியின் தொடக்கத்தில் கட்டத்துக்குள் இருந்த பெரிய எண். அது என்ன என்று செந்தூர்பாண்டி கேட்டார். கம்ப்யூட்டரைப் போட்டதிலிருந்து ஓடிய நொடிகள் என்று தேசிக் சொன்னான். செந்தூர்பாண்டி தன் போனை எடுத்து வகுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை வகுத்தார். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தூத்துக்குடிப் படகு எல்லாத்தையும் கழிச்சிருங்க மேடம். நம்ம துறைமுகத்துப் படகு விடியமுன்ன போய் அன்னைக்கு ராத்திரியே திரும்பிறணும், அதுதான் இங்கன சட்டம். கரைக்கு வந்தா மொதல்ல பேட்டரி வயரக் கழத்துவானுவ. இது நாலஞ்சு நாளா அணையாம ஓடியிருக்கு. தங்குகடல் போற படகு, நாள்கணக்குல கடல்லயே கிடக்கும். தருவைகுளம்."

தான் சம்பளம் கொடுப்பது இதற்காகத்தான் என்று ஜெமிமாவுக்கு அவ்வப்போது நினைவு வரும். வாசலில் லிங்கராஜ் மறித்து, ஆமாம் என்று எழுதிக் கொடுக்கவில்லையா என்று கேட்டார். வந்து எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்கள்.

தருவைகுளத்துக்குக் கார் ஓட்டும்போது இருபுறமும் உப்பளம் வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. செந்தூர்பாண்டி வழிநெடுக ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார். இந்துமதிக்கு வேண்டாதவன் எவனோ ராத்திரியோடு ராத்திரியாகக் கெர்னலைத் திருடி, படகில் ஏற்றி, நடுக்கடலில் அந்நியக் கப்பலுக்குக் கைமாற்றி இருக்கிறான். ஈமெயிலில் அனுப்பினால் முடிகிற வேலைக்கு எதற்குப் படகு என்று ஜெமிமா கேட்டாள். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கினார்.

கரையில் ஐஸ் உடைக்கிற இடத்தில் விசாரித்தார்கள். திங்கட்கிழமை கரை பிடித்தது ஒரே ஒரு படகு. மற்றவை இன்னும் கடலில். அந்தப் படகின் உரிமையாளர் அமலன், கறுத்து உயர்ந்த மனிதர், வலையைக் கூட்டாளிகளோடு சேர்ந்து பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பற்றிப் பேச வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வலையைப் போட்டுவிட்டு வந்தார். வெகு நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்த முகம்.

சுக்கான் அறையில், வியாகுல மாதா படத்துக்குக் கீழே, டப்பா மாதிரி ஒரு கம்ப்யூட்டர் திருகி வைக்கப்பட்டிருந்தது. அமலன் அதைத் தட்டிக் கொடுத்தார். முன்னெல்லாம் மீன் காட்டுகிற கருவியைச் சொருகினால் ஒரு மணி நேரத்தில் திரை உறைந்துவிடுமாம். இந்த நடை கடலுக்குப் போய்த் திரும்புகிறவரை ஒரு தடவைகூட உறையவில்லை.

"என்னமோ தப்புக் கணக்கு, தப்புக் கணக்குன்னு இங்கிலீஷு எழுத்துல எழுதிக்கிட்டே இருந்துச்சு. கூட்டாளிப் பயலுவ பங்குக் கணக்கத்தான் சொல்லுதுன்னுட்டானுவ. ரெண்டு நாளு படகுல ஒரே சண்ட."

கரைப் பக்கம் சிக்னல் கிடைத்ததும் திரையின் ஓரத்தில் ஏதோ மளமளவென்று மேலே போனதையும் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வாட்ஸ்அப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

இந்தக் கெர்னலைப் போட்டுக் கொடுத்தது யார் என்று ஜெமிமா கேட்டாள். கேட்கும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லிங்கராஜ் அண்ணாச்சிதான். மாசா மாசம் வருவாவ. ஒரு பென்டிரைவ் குச்சியச் சொருகுவாவ, ஒரு டீ குடிப்பாவ, கடல் போறமட்டும் இங்கனயே நின்னு பாத்துக்கிட்டுப் போவாவ. ஏன், ஒங்ககிட்ட சொல்லலியா?"

செந்தூர்பாண்டி வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடினார். அவரோடு வேலை பார்த்த காலத்தில் ஜெமிமா அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும் வழியில் அவருக்குப் பேச்சு வந்தது. இதுவல்லவா மூளை என்றார். செய்வதையும் செய்துவிட்டு நம்மையே கூப்பிட்டு உட்கார வைத்து மக்ரூன் கொடுத்திருக்கிறார். ஜெமிமா இல்லை என்றாள். மாசா மாசம் போய், டீக்கடையில் நின்று, படகு மறைகிற வரை கையாட்டுகிறவன் சதிகாரன் இல்லை. அவர் சொல்லாமல் விட்டது மறைப்பதற்காக இல்லை. நினைவுக்கே வரவில்லை. காலையில் பல் தேய்த்ததை யாராவது துப்பறிகிறவளிடம் சொல்வார்களா?

அவர்கள் ஏறி வந்தபோது லிங்கராஜ் பதிலைத் திரையில் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஜெமிமா, இந்துமதியையும் தேசிக்கையும் அங்கேயே கூப்பிட்டாள். தருவைகுளம் போவதுண்டா என்று லிங்கராஜைக் கேட்டாள்.

"உண்டே. வெள்ளோட்டம் பாக்கப் போவேன்," என்றார், கொஞ்சங்கூடத் தயங்காமல்.

இந்துமதி திரும்பினாள். "அத நிறுத்தியாச்சுல்லா? இங்கனயே கம்ப்யூட்டர் அடுக்கி டெஸ்ட் பண்ணுதோம்லா அண்ணாச்சி?"

லிங்கராஜுக்குக் கோபம் வந்தது. பார் ஆரம்பித்த நாளிலிருந்து எந்தக் கெர்னலும் முதலில் கடல் பார்த்துவிட்டுத்தான் கரைக்கு வந்திருக்கிறது என்றார். டீசல் புகை, உப்புக் காத்து, ஏறி இறங்குகிற வோல்ட்டேஜ், இதெல்லாம் ஏசி அறையில் அடுக்கி வைத்தால் தெரியுமா? அடுக்கு ஆடுமா? படகு ஆடும். நிரல் எழுதுவதை எல்லாம் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள், சரி. இந்த ஒன்றை அவர் விடவில்லை. போன வாரமும் பொது இயந்திரத்தில் ஆகப் புதிய கெர்னல் எது என்று பார்த்து, குச்சியில் ஏற்றிக்கொண்டு போய்—

அந்த இடத்தில் அவர் நின்றார்.

 கீழே கடையில் யாரோ கயிறு அளந்துகொண்டிருந்தார்கள்.

"ஏளா, அதுல 'சிறு திருத்தங்கள்'னுதான போட்டிருந்துச்சு," என்றார் லிங்கராஜ், குரல் இறங்கி. "அப்படிப் போட்டிருந்தா யாருக்குச் சந்தேகம் வரும்?"

"யாருக்கும் வரக்கூடாதுன்னுதான் அப்படிப் போட்டேன்," என்றாள் இந்துமதி.

லிங்கராஜ் கடைசியாக ஒரு தடவை முயன்றார். கடலில் சிக்னலே கிடையாதே என்றார். ரகசியத்துக்குக் கடலைவிடப் பத்திரமான இடம் ஏது?

"போகும்போது கிடையாது அண்ணாச்சி," என்றாள் ஜெமிமா. "திரும்பி வரும்போது உண்டு."

அவர் உட்கார்ந்தார். ரகசியம் அவ்வளவு நன்றாகக் காக்கப்பட்டிருந்தது. கசியவிட்டவருக்கே அப்படி ஒன்று இருந்தது தெரியவில்லை. யாருக்குத் தெரியுமோ அவளைத்தான் பிடிக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். தெரிந்தவள் அதை ஏழு பூட்டுப் போட்டு வைத்திருந்தாள். தெரியாதவர் டீ குடித்துவிட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. திரையில் 'இந்துமதி நீக்கப்பட்டார்' என்ற வரி இன்னும் இருந்தது. லிங்கராஜ் அதையே பார்த்தார். ஒரு இயந்திரம் தானாகப் புகார் அனுப்பிவிட்டது என்று எழுதினால் போதாதா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பொய் இல்லையே. யார் பெயரும் வேண்டாமே.

 ஜெமிமா போதாது என்றாள். யார் கை என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கையில்லாத பதில் போனால், வட்டத்தில் இருக்கிற ஒரே பெயர் மேல்தான் அது போய் உட்காரும். அந்தப் பெயர் இந்துமதி.

லிங்கராஜ் அந்த வரியை அழித்தார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். மொத்தமாக அழிக்கிற வழி அவருக்குத் தெரியாமல் இல்லை. பிறகு எழுத ஆரம்பித்தார். படகு, குச்சி, தன் பெயர், தன் பொறுப்பு. தனக்குச் சொல்லாமல் விட்டது இந்துமதியின் தவறில்லை, விதி என்று ஒரு வரி. அவளைச் சந்தேகித்தது தன் தவறு என்று இன்னொரு வரி. இங்கிலீஷைப் பார்க்கச் சொல்லித் தேசிக்கைக் கூப்பிட்டார். தேசிக் குனிந்து முழுவதும் படித்தான்.

"கமா ஒண்ணு விட்டிருக்கீங்க அண்ணாச்சி. மத்தபடி எல்லாம் சரியா இருக்கு."

கமாவைப் போட்டு அனுப்பினார். அடுத்த காரியமாக இந்துமதியின் சாவியைத் திறந்துவிட்டார். அவள் நன்றி சொல்லவில்லை. உட்கார்ந்தாள், தன் சோதனை வரியை எடுத்தாள், கட்டினாள். இந்த முறை அடுக்கில் இருந்த கம்ப்யூட்டர்களில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டாள். எடைமேடைகளும் உப்பள அலுவலகங்களும் படகுகளும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளத் தொடங்கின. இந்தக் கரையில் அன்று காலையிலேயே பாதுகாப்பாக இருந்த படகு அமலனுடையது ஒன்றுதான். அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. செந்தூர்பாண்டி சொல்லப் போனார், ஜெமிமா அவர் காலை மிதித்தாள்.

வட்டத்திலிருந்து பதில் வந்தது. சுருக்கமாக இருந்தது. பார் தொடரலாம். இந்துமதியும் தொடரலாம். ஆனால் ரகசியக் கெர்னலைப் பொது இயந்திரத்தில் கட்டுவது இதோடு சரி. அதோடு, ஒரு ஆளுக்கு மட்டும் தெரிவதால்தான் பக்கத்தில் இருப்பவர் கை எங்கே போகிறது என்று தெரியாமல் போனது; ஆகவே இன்னொரு ஆளின் பெயரை உடனே கொடுக்கவும். அவரும் வட்டத்தில் சேர்க்கப்படுவார்.

தேசிக் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

இந்துமதி யோசித்த மாதிரித் தெரியவில்லை. அடித்தாள், அனுப்பினாள், திரையை லிங்கராஜ் பக்கம் திருப்பினாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"ஏளா, நானா?"

"நீங்கதான். ஒங்களுக்குத் தெரியாம இந்த ஆபீஸ்ல ஒண்ண வச்சிருக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. எப்படியும் எடுத்துட்டுப் போவீய. இனிமே என்னத்த எடுத்துட்டுப் போறோம்னு தெரிஞ்சாவது போங்க."

லிங்கராஜ் திரையை மெதுவாக அவள் பக்கமே திருப்பி வைத்தார். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பாவமாக இருக்கிறதே என்று செந்தூர்பாண்டி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இன்னும் கொஞ்சம் மக்ரூன் வரவழைக்கலாமா என்று விசாரித்தார்.

அப்போது லிங்கராஜின் மடிக்கணினியில் ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. அவருக்கு அந்த வட்டத்திலிருந்து வருகிற முதல் கடிதம். வரவேற்பு எழுதியிருப்பார்கள் என்று நினைத்துத் திறந்தார். வரவேற்பு இல்லை, மேலே அடுத்த மாதத்துத் தேதி ஒன்று குறித்திருந்தது. இரண்டாவது வரிக்கு வரும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. கடைசி வரிக்கு வரும்போது அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து இந்துமதியைப் பார்த்தார். அவளும் தன் திரையில் அதையே படித்து முடித்திருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரிப் போவுது? என்ன எழுதியிருக்காவ?" என்று செந்தூர்பாண்டி எட்டிப் பார்த்தார்.

லிங்கராஜ் மடிக்கணினியை மூடினார். சத்தம் வராமல் மூடினார். எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க கிளம்புங்க அண்ணாச்சி," என்றார், மிகவும் மரியாதையாக. "மேடம், நீங்களும்."